சாவி, பூ, ரயில்

மலையகத்தில், கொட்டகலை ஊருக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது ஒரே ஓர் இடத்தில்தான். தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயத்துக்குப் பின்னால், முனியாண்டி கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பாறை. பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற அந்த வருஷம் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டு ஒன்லைனில் பாடம் நடத்தினார்கள் அல்லவா, அப்போது பிரேமினிக்கு மருத்துவக் கல்லூரி அந்தப் பாறைதான். ஒரு கையில் குடை, ஒரு கையில் போன். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு காலை எட்டு மணிக்கெல்லாம் ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

தோட்டமே பெருமைப்பட்ட பிள்ளை அவள். "நம்ம அழகுமுத்து மக டொக்டராகப் போவுது" என்று பேசாத வீடு இல்லை. அந்தப் பிள்ளையின் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், அங்கே ஒன்றுமே இல்லை. ஐந்து மாதமாகத் திரையைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு எல்லாம் மரத்துப் போயிருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் தெரியும், வலிக்காது. பாடம் கேட்டாள், குறிப்பு எழுதினாள், இறங்கி வந்து சோறு தின்றாள்.

அந்த வாரம் தொடங்கிய பாடம் முதியோர் மருத்துவம். நடத்தியவர் டொக்டர் ஜெயந்தினி. முதுமை என்பது நோய் அல்ல, 'வயசானால் அப்படித்தான்' என்று எதையும் தள்ளிவிடக் கூடாது என்று அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, பிரேமினி ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டாள். கடைசியில் ஒரு வேலை கொடுத்தார். வீட்டிலோ அயலிலோ இருக்கும் முதியவர் ஒருவரை ஞாயிற்றுக்கிழமைக்குள் சோதிக்க வேண்டும். ஞாபகம் எப்படி, நடை எப்படி, விழுந்திருக்கிறாரா, சிறுநீர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, என்னென்ன மருந்து என்று ஒரு படிவம். நடக்கிற வீடியோவும் சேர்க்க வேண்டும். மறு வெள்ளிக்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும்.

முதியவரைத் தேடி பிரேமினி எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே ஒருவர் இருந்தார்.

லயத்து வீடென்றால் ஓர் அறை, சமைக்க ஒரு குசினி, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. அந்த இஸ்தோப்பில் பாதியைப் பலகை அடித்து மறைத்து ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். அதுதான் பெரியப்பா மூக்கனின் இடம். வயது எழுபத்து நாலு. முப்பத்தெட்டு வருஷம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய ஆள். பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. வேலை நின்றதும் தான் இருந்த வீட்டை வேலை செய்கிற இன்னொருவனுக்கு விட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது.

அன்று சாயந்தரம் குசினியில் அந்தப் பேச்சுதான் நடந்தது.

"எத்தன நாளைக்குங்க இப்புடி? வெள்ளென எந்திரிச்சி ஒங்க அண்ணன் நனைச்ச போர்வையப் பீலித் தண்ணியில அலசிப் போட்டுட்டுத்தான் நான் பெரட்டுக்கு ஓடுறேன். குளிருல கையி வெறைச்சிப் போவுது" என்றாள் பிரேமினியின் அம்மா நாகலெட்சுமி.

அவள் கொடுமைக்காரி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நாலு மணிக்கு எழுந்து சமைத்து, பகலெல்லாம் கொழுந்து பறித்து, ஐந்து மணிக்கு வந்து, மூத்தாருக்குச் சோறு போட்டு, தகர டப்பாவில் இருக்கும் மாத்திரைகளை மறக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவாள். அவளுக்கும் ஓர் உடம்புதானே.

"அதான் பேசிட்டேன்ல. கண்டிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல எடம் இருக்காம். வர்ற ஒண்ணாந் தேதி ரயில்ல கூட்டிட்டுப் போய் விட்டுருவோம். பாப்பாவுக்கும் மேச போட்டுப் படிக்க எடம் கெடைக்கும்" என்றார் அழகுமுத்து. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். மகள் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்ற பாப்பா?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா" என்றாள் பிரேமினி. உண்மையிலேயே அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பலகைக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. அந்தப் பலகையில் ஊசி விழுந்தாலும் கேட்கும். மூவருக்கும் அது தெரியும். தெரிந்தும் யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

சாப்பிட்ட பிறகு பிரேமினி பெரியப்பாவின் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு ஒரு டெஸ்ட் வைக்கணும். எங்க டொக்டரம்மா கேட்டிருக்காங்க."

"என்ன டெஸ்ட்டு?"

"பெருசா ஒண்ணுமில்ல. இன்னைக்கு என்ன தேதி, என்ன கெழமன்னு கேப்பேன். மூணு வார்த்த சொல்லுவேன், சாவி, பூ, ரயில்னு. கொஞ்ச நேரங் கழிச்சி நீங்க திருப்பிச் சொல்லணும். அப்புறம் நாற்காலியில இருந்து எந்திரிச்சி மூணு மீட்டர் நடந்து திரும்பி வரணும். போன்ல படம் புடிச்சி அனுப்புவேன்."

மூக்கன் கைக்கம்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அந்தம்மா அதப் பாத்துத்தான் முடிவு சொல்லுவாங்களா?"

"ஆமா" என்றாள் பிரேமினி. அவள் சொன்னது தன் மார்க்கைப் பற்றி. அவர் கேட்டது வேறு முடிவைப் பற்றி என்று அந்த மரத்த மனசுக்கு உறைக்கவில்லை.

"பாஸ் பண்ணலன்னா?"

"நீங்கெல்லாம் பாஸ் பண்ணிருவீங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் நாற்காலியை வாசலில் போட்டபோது மூக்கன் ஏற்கெனவே தயாராக நின்றார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். பெட்டியிலிருந்து எடுத்த பழைய கறுப்புக் கோட்டுக்கு எல்லாப் பொத்தானும் போட்டிருந்தார். கால் இரண்டையும் சேர்த்து, கையைத் தொங்கவிட்டு நின்ற நிற்பு, பெரட்டுக்களத்தில் நிற்கிற நிற்பு.

பெரட்டுக்களம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம் அது. கணக்குப்பிள்ளையின் கண்ணுக்கு ஒருவன் நோஞ்சானாகத் தெரிந்தால் அன்றைக்கு அவனுக்குப் பேர் விழாது, கூலி கிடையாது, திரும்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேலை குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. அதனால் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு நின்றாலும், "எப்புடிடா இருக்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேங்க" என்றுதான் வாய் சொல்லும். முப்பத்தெட்டு வருஷம் அப்படிப் பழகிய வாய் மூக்கனுடையது.

"இன்னைக்கு என்ன தேதி பெரியப்பா?"

தேதி, கிழமை, மாதம், வருஷம் நாலையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"ஆறு மாசத்துல எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்லங்க."

"மூத்திரம் அடக்க முடியாமப் போவுதா?"

"இல்லங்க."

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா எடுக்குறீங்களா?"

"எடுக்குறேங்க. நல்லா இருக்கேங்க."

பிறந்ததிலிருந்து பாப்பா, பாப்பா என்று கூப்பிட்ட மனுஷன் அவளுக்கு 'ங்க' போடுகிறார். அது அவள் காதில் விழாமல் இல்லை. விழுந்தது, அப்படியே போய்விட்டது. கோட்டுக் கை மேலே ஏறியபோது முழங்கையில் ஊதா நிறத்தில் ஒரு காயம் தெரிந்தது. "இது என்ன?" என்றாள். "கதவுல இடிச்சிதுங்க" என்றார். விடிந்தால் அம்மா அலசுகிற போர்வை அவள் கண்ணெதிரிலேயே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் படிவத்தில் விழுதல் இல்லை, சிறுநீர்ப் பிரச்சினை இல்லை, மருந்து ஒழுங்கு என்று வரிசையாகச் சரி போட்டாள். கேள்வி கேட்டாகிவிட்டது, பதில் வந்தாகிவிட்டது, அதற்குமேல் அவளுக்கு அதில் வேலை இருப்பதாகத் தெரியவில்லை.

நடைச் சோதனைக்கு அவர் கைக்கம்பைச் சுவரில் சாத்தி வைத்தார். நாற்காலிக் கையைப் பிடிக்காமல் விசுக்கென்று எழுந்து, நடந்து, திரும்பி, உட்கார்ந்தார். பன்னிரண்டு வினாடிக்குள் முடித்தால் தேறியது என்று கணக்கு. பதினோரு வினாடி. மூன்று வார்த்தையைக் கேட்டாள். "சாவி, பூ, ரயிலு" என்றார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது, அந்தக் குளிரில்.

"ரிசல்ட்டு எப்ப வரும்?"

"வெள்ளிக்கெழம பெரியப்பா."

"அதுவரைக்கும் மறுபடி கேப்பாங்களா?"

"கேட்டாலும் கேப்பாங்க" என்றாள், வீடியோ ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தபடி.

செவ்வாய்க்கிழமை பாறையில் டொக்டர் ஜெயந்தினியின் செய்தி வந்தது. 'மிகத் தெளிவான அறிக்கை. நல்ல வேலை.' கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவருக்குப் புத்தி எங்கே போச்சு என்பார்கள். இங்கே சொன்னவளும் யோசிக்கவில்லை, கேட்டவரும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை விடிந்தும் விடியாமல் இருக்கிற நேரத்தில் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"அழகுமுத்து! ஓடி வாங்க! ஒங்கட அண்ணன் பீலிப் படியில விழுந்து கெடக்குறாரு!"

கீழ் ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஸுஹைர் நானாதான். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பது அங்கே வழக்கம். எல்லோரும் ஓடினார்கள். தண்ணீர் விழுகிற பீலிக்குப் பக்கத்தில், பாசி பிடித்த மூன்றாவது படியில், மூக்கன் ஒருக்களித்துக் கிடந்தார். வலது கால் ஒரு தினுசாக வெளிப்பக்கம் திரும்பிக் குட்டையாகத் தெரிந்தது. அந்த மாதிரிக் கால் திரும்பியிருந்தால் என்ன அர்த்தம் என்று பிரேமினி இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் படமாகப் பார்த்திருந்தாள். இடுப்பெலும்பு முறிவு. கைக்கம்பைக் காணோம்.

"கம்பு எங்க? கம்பு இல்லாம ஏன் வந்தாரு?" என்று அழகுமுத்து கத்தினார்.

"கம்ப வீட்டுல வச்சிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் வாராரு" என்றார் ஸுஹைர். "ஒரு கெழமையா இதான். விடிய சுபஹு தொழுதுட்டு நான் கட தொறக்கிற நேரம் வந்துருவாரு. இன்டக்கி என்ன தேதி நானா, என்ன கெழம நானான்டு கேப்பாரு. பொறகு இந்தப் பீலி வரைக்கும் எண்ணி எண்ணி நடப்பாரு. ரெண்டு தரம் விழுந்தும் இருக்காரு, நான்தான் தூக்கி விட்டேன். ஏன் இந்த வேல அண்ணேன்டு கேட்டேன். டெஸ்ட்டு இருக்கு நானா, பெயிலாப் போனா என்னைய இல்லத்துல கொண்டுபோய் விட்டுருவாங்க, பாஸ் பண்ணினா வச்சிக்குவாங்கன்டு சொன்னாரு. மகள், ஒங்களுக்குத் தெரியாதா?"

பிரேமினிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஐந்தடி தூரம்தான் இருந்தது, ஒரு பலகை.

கம்பளியில் தூக்கிக் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். லொறி குலுங்கும்போதெல்லாம் மூக்கன் பல்லைக் கடித்தார், ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. பாதி வழியில் அவர் கை பிரேமினியின் கையைத் தேடிப் பிடித்தது.

"இது கணக்குல வராதுல்லங்க? டெஸ்ட்டு முடிஞ்சிருச்சுல்ல? நா விழல, படி வழுக்கிருச்சி. எல்லாம் ஞாபகம் இருக்குங்க. சாவி, பூ, ரயிலு. அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் குடிக்கிற மருந்தெல்லாம் கொண்டுவரச் சொன்னார்கள். பிரேமினி திரும்பி வந்து தகர டப்பாவைத் திறந்தாள். எட்டு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிற டப்பா, அன்றைக்குத்தான் அவள் கை அதில் பட்டது. பிரஷர் மாத்திரை, நீரிழிவுக்கான சீனி மாத்திரை, இன்னொரு சின்ன வெள்ளை மாத்திரை. உடம்பில் சேரும் நீரை மூத்திரமாக வெளியேற்றுகிற மாத்திரை அது. அதன் காகித உறையில் சிங்களத்தில் 'உதேட்ட' என்று எழுதியிருந்தது. காலைக்கு என்று அர்த்தம்.

"அம்மா, இத எப்பக் குடுப்பீங்க?"

"எல்லாத்தையும் ஒண்ணா அந்திக்குத்தான். காலையில நா பெரட்டுக்கு ஓடிர்றேன்ல. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமா? ஏன், என்னா அதுக்கு?"

அந்திக்குக் கொடுத்தால் படுக்கையில் போகாமல் வேறு எங்கே போகும்? மூக்கனின் போர்வை நனைந்தது வயதால் அல்ல, மாத்திரை கொடுத்த நேரத்தால். வீட்டை விட்டு அனுப்ப முடிவு செய்ததும் அந்த ஈரத்தால்தான். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் பிரேமினி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அவள் உறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவமானமாக இருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அவளுக்கு உறைத்த முதல் உணர்ச்சி அதுதான்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு அவள் பாறைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து வாங்குப் பலகையில், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். அவள் முறை வந்தது. வீடியோ ஓடியது. பதினோரு வினாடி. டொக்டர் ஜெயந்தினி, "அருமை" என்றார்.

பிரேமினி இங்கிலீஷில் பேசினாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இந்த அறிக்கையில் ஒரு வரிகூட உண்மை இல்லை என்றாள். பீலிப் படி, கடையில் தேதி கேட்டது, மாத்திரை உறை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொய் சொன்னார், ஏனென்றால் அவருக்குப் பயம். நான் பொய் எழுதினேன், ஏனென்றால் அது எனக்குச் சுலபமாக இருந்தது என்று முடித்தாள்.

டொக்டர் ஜெயந்தினி வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தார். "பின்னால் சுவரில் கம்பு சாத்தியிருக்கிறது. நானும் கவனிக்கவில்லை" என்றார். பிறகு, "மார்க்கை ரத்துச் செய்கிறேன். மறுபடி எழுதி அனுப்புங்கள். இந்தத் தடவை அவரைப் பார்த்து எழுதுங்கள்" என்றார்.

அழகுமுத்துவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மூக்கன் என்ற பேர் இரண்டு தடவை காதில் விழுந்திருந்தது.

"என்னம்மா சொன்ன?"

பிரேமினி போனை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"வயசானவங்க நல்லா இருக்கேன்னு சொன்னா, அத எழுதிக்கிட்டு எந்திரிச்சிப் போயிரக் கூடாதுன்னு சொன்னேம்பா. யாருக்குப் பயந்து சொல்றாங்கன்னு பாக்கணும். பெரியப்பா நம்ம மூணு பேருக்குத்தான் பயந்தாரு. சோறு போட்டோம், மாத்திர குடுத்தோம். நீங்க இங்கதான் இருப்பீங்கன்னு ஒரு வார்த்த சொல்லல. அந்த ஒரு வார்த்த இருந்திருந்தா கம்ப எடுத்துக்கிட்டு நடந்திருப்பாருப்பா."

அழகுமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். எழுந்து வார்டுக்குள் போனார். பிரேமினியும் பின்னால் போனாள்.

மூக்கன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் இனிக் கம்பில்லாமல் நடக்க மாட்டார், கம்போடு நடப்பதுகூட ஆபரேஷன் முடிந்த பிறகுதான் தெரியும். காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தவர், தம்பியைப் பார்த்ததும் படுத்தபடியே கோட்டுப் பொத்தானைத் தேடினார். கோட்டு இல்லை, ஆஸ்பத்திரிச் சட்டைதான் இருந்தது.

"இன்னைக்கு வெள்ளிக்கெழமல்ல" என்றார். "ரிசல்ட்டு வந்துருச்சா? பேரு இருக்கா? அரப்பேராவது போட்டாங்களா?"

அழகுமுத்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முழுப்பேருண்ணே" என்றார். "நீ எங்கயும் போவேண்டியதில்ல. நம்ம வீட்டுலதான் இருக்கப் போற. காலு நடந்தாலும் சரி, நடக்காட்டியும் சரி. இத மொதல்லயே சொல்லியிருக்கணும்ணே, சொல்லாம விட்டது எங்க தப்பு."

மூக்கன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகம் சுருங்கியது. வாய் கோணியது. லொறியிலும் வராத முனகல் அப்போதுதான் வெளியே வந்தது.

"வலிக்குது பாப்பா" என்றார். "ரொம்ப வலிக்குது."

பிரேமினி நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.